பதுளைக் கடையில் ஜப்பான் ராஜா

பதுளைக் கடைத்தெருவில் எங்கள் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தால் எதிர்ச்சுவரில் மூன்று படங்கள் இருக்கும். மேலே கதிர்காமத்து வேலன். அவருக்குக் கீழே இங்கிலாந்து ராஜா. ராஜாவுக்குப் பக்கத்தில், ஒரு விரற்கடை ஏற்றமோ இறக்கமோ இல்லாமல், ஜப்பான் ராஜா. முதல் இரண்டும் எல்லாக் கடையிலும் உண்டு. மூன்றாவது எங்கள் கடையில் மட்டும்தான். அதில் எனக்கு அப்போதும் பெருமை, இப்போதும் பெருமை.

ஜப்பான்காரன் ருஷியாக்காரனைச் சண்டையில் ஜெயித்த சமயம் அது. பத்திரிகை பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டியில் ஏறி எங்களிடம் வரும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு பத்தி முடிவதற்குள் அடுப்பில் குழம்பு வற்றிவிடும். என் வீட்டுக்காரர் உரக்க வாசிப்பார். கடைக்கு வந்தவர்கள் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்பார்கள். வெள்ளைக்காரன் ஒருத்தன் தோற்றான் என்பதே அவர்களுக்குச் சந்தோஷம். இவருக்குப் பிடித்தது வேறு.

"ஜெயிச்சது கிடக்கட்டும் புள்ள. இங்கிலீஷ்காரன்கிட்ட கப்பல் வாங்குறான், ஜெர்மன்காரன்கிட்ட பட்டாளப் பாடம் படிக்கிறான். இங்கிலீஷ்காரனோட கூட்டாளின்னு கையெழுத்தும் போட்டிருக்கான். ஆனா யார் வாசல்லயும் கைகட்டி நிக்கல. யாரோட சேரணும், யாரோட மோதணும்னு அவனே முடிவு பண்றான்."

"கப்பல் குடுத்தவன் சும்மாவா குடுத்தான்?" என்றேன்.

"காசு குடுத்து வாங்குனான். அதத்தானே சொல்றேன்!"

அடுத்த முறை கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போனவர் அந்தப் படத்தோடு திரும்பினார். வெள்ளிக்கிழமை வேலனுக்கு வைக்கிற சந்தனத்தையும் பூவையும் ஜப்பான் ராஜாவுக்கும் வைத்தேன். இங்கிலாந்து ராஜாவுக்கு வைக்க ஏனோ தோன்றவில்லை.

எங்கள் சோறு அப்போது கம்பளியில் இருந்தது. கொஸ்லந்தப் பக்கத்தில் ஒரு பெரிய தேயிலைத் தோட்டம். மழைக்காலத்துக்கு முன்னால் அங்குள்ள சனங்களுக்கெல்லாம் கம்பளி கொடுப்பார்கள். அந்தக் கம்பளி முழுக்க எங்கள் கடையிலிருந்துதான் போகும். மற்ற வியாபாரமெல்லாம் சில்லறை. அந்தத் தோட்டத்துத் துரை முகம் சுளித்தால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது. அதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிளாக்கர் ஒருநாள் வந்து படத்தைப் பார்த்தார்.

"முதலாளி, அந்த ஆளக் கழட்டிருங்க. தொரை கம்பளி பாக்க வர்றாரு."

"எந்த ஆள?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. நெத்தி நெறையப் பொட்டு வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரே, அவரத்தான்."

"அவரு ஒங்க தொரையோட ராஜாவுக்கே கூட்டாளி. வெளிய அனுப்புனா ராஜா கோவிச்சுக்க மாட்டாரா?"

"வெளையாடாதீங்க. கம்பளி கைய விட்டுப் போச்சுன்னா ஜப்பான்லருந்தா சோறு வரும்?"

கிளாக்கர் கெட்டவர் இல்லை. எங்களுக்காகப் பயந்தார்.

துரை வந்த அன்று என் வீட்டுக்காரர் பண்டாரவளைக்கு மூட்டை எடுக்கப் போயிருந்தார். குதிரைச் சத்தம் கேட்டது. முன்னால் ஓடிவந்த கிளாக்கர், "கழட்டுங்கம்மா, கழட்டுங்க" என்று கையை ஆட்டினார். முக்காலியில் ஏறிவிட்டேன். கையும் படத்தின் சட்டத்தில் பட்டுவிட்டது. கழற்றினால் இவருக்குப் பதில் சொல்ல வேண்டும், கழற்றாவிட்டால் துரைக்குச் சொல்ல வேண்டும். துரை ஒருநாள்தான் கேட்பார், இவர் ஆயுசுக்கும் கேட்பார். இறங்கிவிட்டேன்.

துரை சுவரைப் பார்த்தார். தோட்டத்தில் பழகிய தமிழில், "நம்ம ராஜா, அந்த ராஜா, ஒரே உயரம் ஏன்?" என்றார்.

"ரெண்டு பேரும் கூட்டாளிங்கன்னு பத்திரிகையில போட்டிருந்துச்சுங்க. கூட்டாளியக் கீழ மாட்டுனா நல்லாருக்காதுங்களே."

"சரி. கூட்டாளிக்குப் பூ இருக்கு. நம்ம ராஜாவுக்குப் பூ எங்கே?"

கிளாக்கர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வர்ற வெள்ளிக்கெழம வச்சிர்றேங்க" என்றேன். துரை சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கம்பளியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருஷம் கம்பளி வியாபாரத்தில் பாதியை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு வசவுக்குக் காத்திருந்தேன். அவர் கொண்டுவந்த மூட்டையை இறக்கிப் பிரித்தார். "பூ விசயத்துல தொரை கேட்டது ஞாயந்தான்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை இங்கிலாந்து ராஜாவுக்கும் பூ வைத்தேன். பாதிக் கம்பளி போன சேதி வந்தபோது, "ஒரே மனுசன் மூஞ்சியப் பாத்துப் பாத்தே கடை தொறந்திருக்கோம் புள்ள. தப்பு நம்ம பேர்ல" என்றார்.

மிஞ்சின கம்பளியை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஹல்துமுல்லைப் பக்கத்தில் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் கங்காணிகளிடம் போனார், வெலிமடைச் சிங்களக் கிராமங்களுக்குப் போனார். தூற்றலில் நனைந்து, இருமலோடு திரும்புவார். கடையை நான் பார்த்தேன். முதல் மழைக்காலம் கஷ்டம்தான். கஞ்சியைக்கூட அளந்து குடித்தோம். ஹல்துமுல்லையிலிருந்து ஒரு பெரிய கங்காணி, ஜப்பான் ராஜாவைப் பார்க்கவென்றே பதுளைக்கு வந்தார். "ஆளு சின்னதாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தம் ஆட்களுக்கெல்லாம் எங்களிடமே கம்பளி எடுத்தார். அவர் நன்றாக இருக்கட்டும். இரண்டு மூன்று மழை போனபின், யார் ஒருத்தர் முகம் சுளித்தாலும் எங்கள் உலை கொதித்தது.

பிற்பாடு பத்திரிகையில் இன்னொரு சேதி வந்தது. ஜப்பான்காரன் பக்கத்திலிருந்த கொரியாவைத் தன்னுடையதாக்கிக்கொண்டான் என்று. வாசித்துவிட்டு இவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "வாசல்ல நிக்காதவன்னு நெனச்சேன். இன்னொருத்தன் வீட்டுக்குள்ளயே பூந்துட்டான்" என்றார். படத்தைக் கழற்றவில்லை. வெள்ளிக்கிழமைப் பூவை மட்டும் நிறுத்தச் சொன்னார். இரண்டு ராஜாவுக்குமே நிறுத்திவிட்டேன்.

துரை எங்களோடு பகைக்கவில்லை, நாங்களும் பகைக்கவில்லை. வந்தால் நாற்காலி போடுவோம், போகும்போது வாசல் வரை போவோம். அவர் இங்கிலாந்துக்கே திரும்பிப் போகிற வருஷம், கப்பலில் குளிருமென்று தமக்கென்று ஒரு நல்ல கம்பளி கேட்டு வந்தார். விலையைச் சொன்னேன். "ஜாஸ்தி, ஜாஸ்தி" என்றார். முன்பெல்லாம் அவர் சொன்னதுதான் விலை. அன்று சந்தைக்கு வந்த கங்காணி மாதிரி நின்று, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது, சாயம் போகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே இருமிக்கொண்டே என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் துரை சிரித்துக்கொண்டே காசை எண்ணி வைத்தார். கம்பளியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.