படையலில் குந்திய பூச்சி

அந்துப்பூச்சி என்றாலே எனக்கு அருவருப்பு. விவசாயப் போதனாசிரியராக இருந்துகொண்டு இப்படிச் சொல்லக் கூடாதுதான். ஆனால் அந்தத் தடித்த உரோம வயிறும், தொட்டால் விரலில் ஒட்டுகிற மாவும் இத்தனை வருட வேலைக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. தோட்டக்காரர்கள் போத்தலில் அடைத்துக் கொண்டுவருவதைச் சிறகுக் குறி பார்த்து இனம் சொல்லிவிட்டு, இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவேன்.

அப்பாவின் எட்டுச்செலவு அளவெட்டியில் எங்கள் வீட்டில் நடந்தது. செத்த எட்டாம் நாள் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்திருந்தோம். அம்மா அந்த எட்டு நாளும் வெறுந்தேநீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. அன்று காலை கிணற்றடியில் மயங்கியும் விழுந்தார். கெஞ்சிப் பார்த்தேன், ஏசிப் பார்த்தேன். "அவர் வந்து சாப்பிடட்டும், பிறகு நான் சாப்பிடுறன்" என்று ஒரே பிடி.

பொழுதுபடுகிற நேரம், வெட்டி வைத்திருந்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் ஒரு பூச்சி வந்து குந்தியது. கட்டைவிரல் நீளம், காய்ந்த இலையின் நிறம், முன்சிறகில் வெள்ளைக் கீற்றுகள்.

"திருநீறு! மூண்டு குறியும் இருக்கு. என்ரை அண்ணை வந்திட்டார்!" என்று கத்தினார் மாமி, அப்பாவின் தங்கை.

அவ்வளவுதான். சனம் கும்பிட்டபடி நெருக்கியடித்தது. கனடாவில் இருக்கும் தம்பிக்கு வீடியோவில் காட்டினார்கள். அவனும் அங்கிருந்து விம்மினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முகம் கழுவாமல் வாசல் படலை தாண்டாத மனிதர் அப்பா. அவரைப் போய் இந்த அசிங்கத்திலா பார்க்கிறார்கள்!

"பிள்ளை, நீ படிச்சனி. உது சும்மா பூச்சியோ, அண்ணையோ? வடிவாப் பாத்துச் சொல்லு" என்றார் மாமி.

ஓர் ஈர்க்குக் குச்சியால் முன்சிறகை மெல்லத் தூக்கினேன். கீழே செம்மஞ்சள் பின்சிறகு, நடுவில் காற்புள்ளிபோல் வளைந்த கறுப்பு. "காவி!" என்று மாமி மறுபடியும் கத்தினார். எனக்குச் சந்தேகமேயில்லை. பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. கூரான வாயால் தோலைத் துளைத்துப் பழத்தை உள்ளே அழுக வைக்கிற சனியன். போதாக்குறைக்கு, அந்த வெள்ளைக் குறி பெண் பூச்சிக்குத்தான் இருக்கும். அப்பாவென்று எல்லோரும் கும்பிட்டுக்கொண்டு நின்றது ஒரு பெட்டையை!

அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். பூச்சி பறந்துவிட்டது. அது குந்தியிருந்த துண்டை அம்மா கையில் எடுத்திருந்தார். வாய்க்குக் கொண்டுபோகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம் மாமி, அப்பாதான்" என்றேன்.

அம்மா கடித்தார். மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு மிச்சத்தை என்னிடம் நீட்டினார்.

"அப்பா தொட்டது. நீயும் சாப்பிடு பிள்ளை. நீ சாப்பிடாட்டி எனக்கு இறங்காது."

துளையைச் சுற்றி ஈரம் மினுங்கியது. சிறகு மாவும் ஒட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். சனியன், சனியன் என்று மனதுக்குள் திட்டியபடியே விழுங்கினேன். கண் திறந்தபோது அம்மாவின் கை இலைக்கு மேலே தயங்கி நின்றது.

"இன்னொரு துண்டு தாங்கோ அம்மா" என்றேன். "ரெண்டு பேரும் சாப்பிடுவம்."