பருப்பு வேகுதாடா?

“பேப்பர்ல இருக்கிறத நீ படிச்சிருவ ஆத்தா. பேப்பர்ல இல்லாதத எப்படிப் படிப்ப?”

ஆலங்குடி பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் சுபேதார் மாமா என்னிடம் கேட்ட கேள்வி இது. அவர் என் அப்பாவைப் போலவே ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த மாமா இல்லை. ஊரே அவரை சுபேதார் என்று பதவியைச் சொல்லித்தான் கூப்பிடும். நான் மட்டும் மாமா என்று சேர்த்துக்கொள்வேன்.

அன்று என் கையில் ஆங்கில நாளிதழ் இருந்தது. எல்லையில் பதற்றம் என்று பத்து நாட்களுக்கு மேலாகச் செய்தி வந்துகொண்டிருந்தது. ராணுவத்தில் இருக்கும் என் தம்பி, “கொஞ்ச நாளைக்குப் போன் வராது, தேடாதீங்க” என்று கடைசியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாட்களாக ஒன்றும் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று நானே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். நாளிதழ்கள், இணையதளங்கள், வெளிநாட்டு ஆய்வாளர்களின் கட்டுரைகள், செயற்கைக்கோள் படங்கள் என்று ஒன்று விடாமல் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன்.

“ராஜஸ்தான் பாலைவனத்துலதான் மாமா இருக்கான். ஆள நெறைய அங்கிட்டுத்தான் அனுப்புறாங்க. எல்லாத்துலயும் போட்டிருக்கு” என்றேன்.

அதற்குத்தான் அவர் அப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்த அப்பா டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. பேருந்து வந்ததும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஏறிவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போட வரும். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். இப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். தினமும் காலையில் அப்பா என்னை மொபெட்டில் கொண்டுவந்து பேருந்து நிலையத்தில் விடுவார். பேருந்து வருவதற்கு இருக்கும் கால் மணி நேரத்தில்தான் டீக்கடைக் கூட்டத்தோடு எனக்குப் பழக்கம். சுபேதார் மாமா, அப்பா, ராணுவத்தில் லாரி ஓட்டிய ஒருவர், அங்கேயே வயர்லெஸ்ஸில் இருந்த ஒருவர். நாலு பேருக்கும் உலகத்தில் எங்கே துப்பாக்கி வெடித்தாலும் அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அவர்கள் தெரிந்துகொள்ளும் விதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கடைத் தொலைக்காட்சியில் நாலைந்து பேர் சேர்ந்து கத்துவார்கள். மாமா உடனே, “சத்தத்த அமுத்துப்பா. படத்த மட்டும் பாப்போம்” என்பார். படம் ஓடும். “இது பழைய படம்டா. இந்தக் கோட்டு இப்பக் குடுக்கிறதே இல்ல” என்பார் லாரிக்காரர். அடுத்து பழைய யூனிட் ஆட்களின் வாட்ஸ்அப் குழு. அதில் பாதி ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம், மீதி யார் இறந்தார்கள் என்ற சேதி. அதையும் நகர்த்தி நகர்த்திப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் விட அவர்கள் நம்பியது லீவை. போன மாதம் திருமயம் பக்கத்துப் பையன் ஒருவன் லீவில் வந்த ஐந்தாம் நாளே பெட்டியோடு பேருந்து ஏறினான். தொலைக்காட்சிக்கு முன்னால் அந்தச் சேதி டீக்கடைக்கு வந்துவிட்டது. “லீவ நிறுத்திட்டாய்ங்க. அப்ப நெசந்தான்” என்றார் மாமா. அன்று அவர் இரண்டாவது டீ கேட்கவில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் யாரும் செய்ய மாட்டார்கள். பணியில் இருக்கும் பையனிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்க மாட்டார்கள். “கேக்கக் கூடாது. கேட்டா அவன் பொய் சொல்லணும். எதுக்கு அவனப் பொய் சொல்ல வைக்கிற?” என்று அப்பா ஒருமுறை அம்மாவிடம் சொன்னார்.

கேட்காமல் இருப்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை. நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா ராணுவத்தில் இருந்தார். கோணல்மாணலான எழுத்தில் ஐந்து வரி எழுதி இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் போடுவார். அனுப்புநர் இடத்தில் யூனிட்டின் பெயரும் ‘ஐம்பத்தாறு ஏ.பி.ஓ.’ என்பதும் மட்டும் இருக்கும். அதை ஓர் ஊர் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்து வரைபடப் புத்தகத்தில் தேடினேன். காஷ்மீரில் ஆரம்பித்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. “ஐம்பத்தாறு எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன். அம்மா, “வடக்க” என்றார். அம்மாவுக்கு அப்பா இருந்த இடமெல்லாம் வடக்குதான். எங்கிருந்து அனுப்பினாலும் ராணுவத்தின் தபால் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் இருக்கும் இடம் தேடிப் போகும் முகவரி அது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் அப்பா ஓய்வு பெற்று வந்துவிட்டார்.

வந்தபோது அவர் என்ன வேலை பார்த்தார் என்று வகுப்பில் கேட்டார்கள். ‘ராணுவ வீரர்’ என்று மட்டும் சொன்னேன். அப்பா ராணுவத்தில் சமையல்காரர். லங்கர் என்று அவர்கள் சொல்லும் சமையல் கூடத்தில்தான் அவருடைய காலம் முழுவதும் போனது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சொன்னது ஒரே ஒருமுறைதான். தம்பி கல்லூரியில் இரண்டாம் ஆண்டைப் பாதியில் விட்டுவிட்டு ராணுவத்தில் ஆள் எடுக்கும் இடத்துக்குக் கிளம்பிய அன்று. அவனை வீட்டின் அடுத்த பட்டதாரி ஆக்க வேண்டும் என்று நான்தான் கல்லூரிக்கு விண்ணப்பம் எழுதிச் சேர்த்துவிட்டிருந்தேன். கோபத்தில், “போ. நீயும் அப்பா மாதிரி சோறு பொங்கத்தான் லாயக்கு” என்றேன். அப்பா வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது ஒரு நொடி நின்றது. பிறகு திரும்பவும் துடைத்தார்.

தம்பி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதல் லீவில் வந்தபோது எனக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கி வந்தான். “ஆலங்குடி வெயிலுக்குக் கம்பளியாடா?” என்றேன். “ஏசி பஸ்ல போகும்போது போத்திக்கக்கா” என்று சிரித்தான். அப்போதாவது அந்தப் பேச்சை நான் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதன் பிறகு போனில், “நல்லாருக்கியாக்கா?” “ம்.” அவ்வளவுதான். ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

இப்போது அடுத்த முறை வரவில்லை. நான் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடியது அதற்காகத்தான். அவன் இருக்கும் இடம் தெரிந்தால், சொல்லாமல் விட்டதை அந்தத் திசை பார்த்தாவது சொல்லிவிடலாம் என்பது போல ஒரு தவிப்பு.

பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. தெரியாத எண். அம்மாதான் எடுத்தார். “ஏஞ்சாமி, சாப்டியா?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். “ரெண்டு நிமிசந்தாம்மா, பின்னாடி ஆள் நிக்குது” என்று தம்பியின் குரல் இரைச்சலுக்குள் கேட்டது. அப்பா போனை வாங்கினார்.

“பருப்பு வேகுதாடா?”

அந்தப் பக்கம் அவன் சிரிப்பது எனக்கே கேட்டது. “எங்கிட்டுப்பா! குக்கர் கத்திக்கிட்டே கெடக்கு. தொறந்து பாத்தா கல்லாட்டம் இருக்கு.”

“மொத நாளே ஊறப்போடச் சொல்லு. லங்கர்ல இருக்கிறவன் புதுசா?”

“ஆமாப்பா.”

“அவனத் திட்டாதீங்கடா. அவன் மேல தப்பில்ல.”

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அப்பா போனை என்னிடம் தரும்போது இணைப்பு அறுந்துவிட்டது. “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன். திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

“பத்தொம்பது நாளா ஒரு தகவல் இல்ல. கெடச்சது ரெண்டு நிமிசம். அதுல பருப்பு வெந்துச்சா, அரிசி வெந்துச்சான்னு! எனக்கு ஒரு வார்த்தை பேச விட்டீங்களா?” என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை டீக்கடையில் மூன்று பேரும் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அப்பா உட்கார்ந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, “பேசிட்டான். பருப்பு வேகலையாம்” என்றார்.

சுபேதார் மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “அம்புட்டு ஒசரத்துலயா?”

“குக்கர்லயே வேகலையாம்.”

“சரி, பாத்துக்குவான். ஒன் மகன்தான?”

நான் பேருந்தில் ஏறி, வம்பன் ஊரைத் தாண்டும் வரைக்கும் எனக்குப் புரியவில்லை. பிறகு சட்டென்று புரிந்தது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறையும். தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆகவே மலையின் மேல் உணவு வேக நேரமாகும். ஒன்பதாம் வகுப்பில் இந்த விடையை எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். அம்மாவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். பருப்பு வேகாத இடத்தில் எத்தனையோ வருடம் நின்று நூறு பேருக்குச் சமைத்தவரிடம் காட்டவில்லை.

தம்பி பாலைவனத்தில் இல்லை. பனிமலையில் இருக்கிறான். என் நோட்டு முழுவதும் தப்பு. அப்பா ஒரே கேள்வியில் அவன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று தெரிந்துகொண்டார். அவனைப் பொய் சொல்ல வைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர் மொபெட்டோடு காத்திருந்தார். பின்னால் ஏறிக்கொண்டு, “தம்பிக்கு லெட்டர் போடணும்பா” என்றேன். கொஞ்ச தூரம் போனபின், “போன்தான் வருமே” என்றார்.

“ரெண்டு நிமிசத்துல சொல்ல முடியாதுப்பா.”

வண்டி முந்திரித் தோப்பைத் தாண்டியது. “எழுது. பெரிய எழுத்துல எழுது. அங்கன வெளிச்சம் கம்மியா இருக்கும்” என்றார்.

“அவன்ட்ட வேற என்னப்பா கேக்கணும்?”

அப்பா வண்டியின் வேகத்தைக் குறைத்தார். அவருடைய ராணுவ அனுபவத்தை நம்பி நான் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

“தொவச்ச துணி காயுதா, இல்ல வெறச்சுப்போயி நிக்குதான்னு கேளு” என்றார்.

அதைக் கேட்டு எழுதினேன். அதற்கு மேலே, அவன் கிளம்பிய அன்று நான் சொன்னதையும், அது தப்பு என்பதையும் ஒரு பக்கம் எழுதினேன். அப்பா படிக்கட்டும் என்று ஒட்டாமல் மேசையில் வைத்தேன். காலையில் உறை ஒட்டியிருந்தது. படித்தாரா என்று நான் கேட்கவில்லை.

முகவரியை அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். எண், யூனிட், கடைசியில் ஐம்பத்தாறு ஏ.பி.ஓ. ஊர்ப் பெயர் இல்லாத அந்த உறையை நேற்று பள்ளி முடிந்து வந்து, ஆலங்குடித் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலாகச் சேர்த்துவிட்டேன்.