நடத்தாமல் விட்ட பாடம்

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஒரு பாடத்தை நான் ஆறு வருடம் நடத்தவே இல்லை. வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் அது. வருடக் கடைசியில் வரும். "இத வீட்லயே படிச்சிக்குங்க" என்று சொல்லிவிட்டு, பாடத்தின் முடிவில் இருக்கும் ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு மட்டும் போர்டில் பதில் எழுதிப் போடுவேன். பிள்ளைகளும் ஏன் என்று கேட்டதில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னதும் பெண்பிள்ளைகள் பேனா மூடியைக் கடிப்பார்கள், பையன்கள் ஃபேனைப் பார்ப்பார்கள். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

எங்கள் பள்ளி கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டிலிருந்து கிழக்கே தள்ளி இருக்கிறது. சிதம்பரத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரைக்கும்தான். அந்த வருடம் எட்டாம் வகுப்பில் பதினோரு பேர்: ஏழு பெண்கள், நான்கு பையன்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அதே பதினோரு பேர். ஒருத்தர் பல் விழுந்ததை மற்றவர் பார்த்திருப்பார். பெரிய பள்ளியில் ஒரு பிள்ளை கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளலாம். எங்களிடம் அதற்கு இடமில்லை. யாருக்கு மீசை அரும்பினாலும், யார் திடீரென்று துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாலும் அன்றைக்கே பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும்.

அந்த நான்கு பையன்களில் ஒருவன்தான் மூன்றாம் வகுப்பிலிருந்து காலை வழிபாட்டில் பாடுகிறவன். அப்படி ஒரு குரல். மைக் கெட்டுப்போன நாட்களில் மைக் இல்லை என்பதே எங்களுக்குத் தோன்றாது. அவன் வகுப்புப் பெண் ஒருத்தியும் கூடப் பாடுவாள். ஆனால் தொடங்குவது அவன்தான்.

காலாண்டு விடுமுறை முடிந்து வந்த முதல் திங்கட்கிழமை, மேலே ஏறும் இடத்தில் அவன் குரல் உடைந்தது. சைக்கிள் பிரேக் பிடித்தது போல ஒரு சத்தம். ஒன்றாம் வகுப்பு வாண்டுகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அவன் மறுபடி முயன்றான், மறுபடி அதே சத்தம். வாயை மூடிக்கொண்டு கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டான். பக்கத்தில் நின்ற பெண் சிரிக்காமல், விட்ட இடத்திலிருந்து பாட்டை எடுத்து முடித்தாள்.

மறுநாள் வருகைப் பதிவு எடுத்தபோது அவன் "உள்ளேன்" சொல்லவில்லை. கையை மட்டும் தூக்கினான். புதன்கிழமை வரவில்லை. வியாழனும் வரவில்லை.

தலைமை ஆசிரியை ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தவர். எந்தப் பிள்ளை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வராவிட்டாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. "நீங்க போற வழிதானம்மா, ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்" என்றார். சாயங்காலம் போனேன்.

அவன் அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல மிஸ். வாயத் தொறக்க மாட்றான், அதான். அவுங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்காரு. ஞாயித்துக்கெழம போன் பண்ணாரு. இவன் எடுத்து 'அப்பா'ன்னான். அவரு, 'யாருங்க நீங்க, போன எம் பையன்கிட்ட குடுங்க'ன்னுட்டாரு. வெளையாட்டுக்கு இல்ல மிஸ், நெசமாவே அவருக்குத் தெரியல. இவன் கட் பண்ணிட்டான். அதுலேர்ந்து அவர்கிட்ட பேசறதே இல்ல."

மிளகுப் பால், உப்புத் தண்ணீர், மெடிக்கலில் வாங்கிய இருமல் டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தாயிற்றாம்.

அவன் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என்னவென்று கேட்டேன். அம்மா டீ போட அடுப்படிக்குப் போனதும், கழுத்தில் விரல் வைத்துக் காட்டினான்.

"இங்க கட்டி மாதிரி இருக்கு மிஸ்." குரலே இல்லை, வெறும் காற்று.

"எத்தன நாளா?"

"லீவுலேர்ந்து. முழுங்கினா மேலயும் கீழயும் போவுது." கொஞ்சம் நிறுத்தி, "எங்க பெரியப்பாவுக்கும் இங்கதான் கட்டி வந்துச்சி. கொரல் போச்சி. அப்பறம் புதுச்சேரிக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுப் போனாங்க. திரும்பி வரல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

லீவு முழுக்க அந்தப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறான்.

"இது கட்டி இல்லப்பா" என்றேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நான் பி.எஸ்சி. விலங்கியல் படித்தவள். அவன் பையிலிருந்த அறிவியல் புத்தகத்தை எடுத்து அந்தப் பாடத்தைத் திறந்தேன். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதிதாக இருந்தன. குரல்வளை வளர்வதையும், கழுத்தில் அது துருத்தித் தெரிவதையும், குரல் உடைந்து கனப்பதையும் எழுதியிருந்த பத்தியைக் காட்டினேன். உதடு அசைய இரண்டு முறை படித்தான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். மூன்றாவது முறையும் படித்தான்.

"இது புக்குலயே இருக்கா மிஸ்?"

"இருக்கு."

"நாம இன்னும் இங்க வரலையா?"

அவன் குறையாகக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். "நாளைக்கு வந்துடுவோம்" என்றேன். டீயைக் குடித்துவிட்டு, அவன் அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலில் சிரித்தார், அப்புறம் அழுதார்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு வருடம் நடத்தாமல் விட்டதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நானும் நடத்துனதில்லம்மா, சர்வீஸ்ல" என்றார். "இன்னிக்கு மூணாவது பீரியட் நானும் வந்து ஒக்கார்றேன். கணக்கு சாரையும் வரச் சொல்லுங்க. பையனுங்களுக்கு ஒரு ஆம்பள இருந்தா நல்லது."

கணக்கு சார் ஆறடி உயரம். அவர் எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு சொன்னால் ஒன்றாம் வகுப்பில் எழுதுவார்கள், அப்படிக் குரல். விஷயத்தைச் சொன்னதும் அந்த மனிதருக்கு வியர்த்துவிட்டது. "நான் என்னா மேடம் சொல்றது?" என்றார். இருந்தாலும் வந்தார், கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

படிக்கச் சொல்லாமல் நானே சொன்னேன். முதல் ஐந்து நிமிடம் என் கை சாக்பீஸைப் பொடியாக்கிக்கொண்டிருந்தது. குரல்வளைக்கு வந்தபோது பின்னாலிருந்து கணக்கு சார் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

"நான் கடலூர்ல எட்டாவது படிச்சேன். எனக்கும் இப்படித்தான் கொரல் ஒடஞ்சிச்சி. பசங்க சிரிச்சானுங்கன்னு வாயே தொறக்கல. வாத்தியாரு கேள்வி கேட்டா சும்மா நிப்பேன். திமிருன்னு நெனச்சி அடிச்சாரு. அரைப் பரீட்ச வரைக்கும் அடி வாங்கினேன். இது வயசுக்கு வர்ற கொரல்டான்னு ஒருத்தரும் சொல்லல."

வகுப்பில் எல்லோர் கையும் அவரவர் கழுத்துக்குப் போனது. பாட்டை முடித்த அந்தப் பெண், "எங்களுக்கும் மாறுமா மிஸ்?" என்று கேட்டாள். கொஞ்சம் மாறும், வெளியே தெரியாது என்றேன். பாடுகிற பையன் அன்றைக்கு வந்திருந்தான். பேசவில்லை. ஆனால் ஃபேனைப் பார்க்கவில்லை.

அப்புறம் பெண்பிள்ளைகளை நானும் தலைமை ஆசிரியையும் தனியாக உட்காரவைத்துப் பேசினோம். பையன்களைக் கணக்கு சார் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார். கேட்க வெட்கமாக இருந்தால் பெயர் போடாமல் சீட்டில் எழுதி மேஜைமேல் இருக்கும் பெட்டியில் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, பதினோரு பேர் கையெழுத்தும் எனக்கு அத்துப்படி. அது அவர்களுக்கும் தெரியும். திங்கட்கிழமை பெட்டியைத் திறந்தால் அத்தனை சீட்டிலும் எழுத்துகள் கோணிக்கொண்டு கிடந்தன. எல்லோரும் இடது கையால் எழுதியிருந்தார்கள். 'நான் மட்டும் ஏன் இன்னும் குள்ளமா இருக்கேன்.' 'அம்மா மேல சும்மா சும்மா கோவம் ஜாஸ்தியா வருது, நான் கெட்டவளா.' 'மூணு மாசமா வரல, சாவேனா.' அந்தக் கடைசிச் சீட்டை எழுதியவள் யார் என்று எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் தலைமை ஆசிரியை ஏழு பேருக்கும் சேர்த்தே பதில் சொன்னார். ஆரம்பத்தில் அப்படித் தள்ளிப் போவது சகஜம் என்றும், ஆனாலும் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவைப் பார்த்துவிடலாம் என்றும் சொல்லி, அந்த வாரமே அவரை வரவழைத்து ஒவ்வொருத்தியையும் தனியாகப் பேசவைத்தார். ஏழு பேரும் தைரியமாகத் திரும்பி வந்தார்கள்.

அதற்குப் பிறகு வழிபாட்டில் கூடப் பாடுகிற பெண் தொடங்கினாள், அவன் இரண்டாவது வரியில் சேர்ந்துகொண்டான். குரல் அவ்வப்போது காலை வாரிவிடும். வாண்டுகள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை அவன் நின்று, அப்புறம் பாடுவான். சிங்கப்பூர் அப்பா வீடியோ காலில் மன்னிப்பே கேட்டுவிட்டாராம். "இப்ப ரெண்டு பேரும் பேசிக்கிட்டே கெடக்காங்க மிஸ், எனக்குப் போனே கெடைக்கல" என்று அவன் அம்மா அலுத்துக்கொண்டார்.

இப்போது அவன் சிதம்பரத்தில் ஒன்பதாவது படிக்கிறான். ஒரு பிரிவில் மட்டும் அறுபது பேர். பாட்டை விட்டுவிட்டான். கபடியில் சேர்ந்திருக்கிறான். எனக்குக் கொஞ்சம் வருத்தம், அவனுக்குத் துளியும் இல்லை. போன மாதம் கீழவீதியில் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னான். முழங்கையில் பெரிய சிராய்ப்பு. "அங்கல்லாம் ரெண்டு நாள் வரலன்னா யாரும் வீட்டுக்கு வர மாட்டாங்க மிஸ்" என்றான்.

"அப்ப நீ ஒழுங்கா போ" என்றேன்.

"போறேன் மிஸ்" என்றான்.

நான் இந்த வருடம் அந்தப் பாடத்தை ஜூலையிலேயே நடத்திவிட்டேன்.