ஹார்ம்ஸ் பொருத்திய சமையலறை

ஜெர்மனியின் பிரேமன் நகரில் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஃபோல்கெர்ட் ஹார்ம்ஸ், வாடகைக்கு விடும் தன் மாடி வீட்டில் ஒன்பதாயிரம் யூரோவுக்குப் புதுச் சமையலறை பொருத்தினார். அதைக் காட்டி வாடகையை ஏற்றிவிடலாம் என்று நினைப்பு. வீடு மாறுகிறவர்கள் அலமாரி, அடுப்பு, தொட்டி என்று சமையலறையையே கழற்றிக்கொண்டு போகிற ஊரில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு அது எப்படி மறந்துபோனதோ தெரியவில்லை.

வீடு பார்க்க வந்த நர்ஸ் ஃபிராக்கே அலமாரிக் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு சார். அப்ப என் கிச்சன எங்க வைக்கிறது? உங்க தலையிலயா?"

"அத வித்துடும்மா. இது எவ்வளவு ஒசத்தி தெரியுமா?"

"ஒசத்திதான். இந்த ஜன்னல் இடுக்குல காத்து விசிலடிக்குதே, அதுக்கு என்ன பண்ணீங்க? அத மாத்துங்க, உடனே வந்துடறேன்."

முணுமுணுத்துக்கொண்டே ஜன்னல்களை மாற்றினார். புதுச் சமையலறையைக் கழற்றிக் கீழே தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். முட்டை வேகவைப்பதைத் தாண்டி அவருக்குச் சமையல் தெரியாது.

ஃபிராக்கே பதினோரு வருடம் இருந்தாள். போகும்போது தன் சமையலறையைக் கடைசித் திருகாணிவரை கழற்றிக்கொண்டு போனாள். அடுத்து வந்த, சொந்தமாகச் சமையலறை இன்னும் வாங்கியிராத இளம் தம்பதி ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. வெறும் சுவரைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"என்ன சார், கிச்சனே இல்லையா?"

"இருக்கே," என்றார் ஹார்ம்ஸ். "கீழ, பதினோரு வருஷமா முட்டை வேகவைக்குது."