நாகையாவின் பாதி

தாயில்பட்டியைத் தாண்டிச் சாலை வளைவில் தகரக்கொட்டகை போட்ட அந்த பாருக்குள் நாகையாவுக்கு யாரும் வழி காட்ட வேண்டியதில்லை. இடது பக்கம் தோசைக்கல்லில் கரண்டி உரசும் சத்தம், வலது பக்கம் ஐஸ்பெட்டியின் உறுமல். இரண்டும் ஒரே அளவில் கேட்கிற இடத்தில் நின்று நேரே நடந்தால் அவருடைய மேசை. யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மூக்கு சொல்லிவிடும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து நேரே வந்தவன் மேல் கந்தக வாடை அடிக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தவன் மேல் சோப்பு வாடையும், அதற்குக் கீழே கந்தக வாடையும்.

அந்த வாடையோடு பாதி வயசைக் கழித்தவர்தான் அவரும். வெடிமருந்து கலக்குகிற வேலை. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை அது. ஒரு சீசனில் ஆர்டர் நெருக்கியதால் வெயில் ஏறிய பிறகும் கலக்கச் சொன்னார்கள். கலக்கினார். மருந்து உரசிக்கொண்டு வெடித்தது. உயிர் தங்கியது, கண் இரண்டும் போயின. அதன் பிறகு தினமும் மாத்திரை தின்றுகொண்டு வீட்டிலிருந்தபடி வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டினார். மனைவி மாரித்தாய் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். தெருவில் அவர் பேர் மெல்ல மெல்லக் காணாமல் போய், கண்ணு தெரியாதவரு என்று ஆகிவிட்டது. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போதுகூட, கண்ணு தெரியாதவரு வீட்டுக்கு அடுத்த வீடு என்றுதான் சொன்னார்கள். பாரில் மட்டும் அவர் இன்னும் நாகையாவாக இருந்தார்.

அதற்குக் காரணம் பெத்தணன். அவரோடு அதே கம்பெனியில் வேலை பார்த்தவன், வயதில் கொஞ்சம் இளையவன். இருவரும் நெடுநாள் கட்டிங் பங்காளிகள். முழு குவார்ட்டருக்குக் காசு போதாத இரண்டு பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, ஆளுக்குப் பாதி குடிப்பதுதான் கட்டிங். அதற்கு ஒரு முறை உண்டு. ஒருவன் இரண்டு டம்ளரிலும் ஊற்ற வேண்டும், தனக்கு எது வேண்டும் என்று மற்றவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். குறைந்தது தன் பக்கம் வந்துவிடும் என்பதால் ஊற்றுகிறவன் கை தானாக நேராகிவிடும். அப்படியும் ஏமாற்றாமல் இருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் டம்ளரை லேசாக நெரித்துப் பிடித்து நிரம்பினாற்போலக் காட்டுவது நாகையாவுக்கே கைவந்த வித்தை. பெத்தணன் அதை அவரிடமே படித்து அவரிடமே காட்டியவன். பிடிபட்டால் நாலு வசவு, ஒரு சிரிப்பு, ஓர் அவித்த முட்டை அபராதம். அத்தோடு முடிந்தது.

கண் போன பிறகும் பெத்தணன் அவரைக் கைவிடவில்லை. வேலை முடிந்ததும் வண்டியில் வந்து வாசலில் ஹாரன் அடிப்பான். விபத்துக்கப்புறம் முதல் தடவை போன அன்றைக்கு, எவ்வளவு ஊற்றியிருக்கிறான் என்று பார்க்க நாகையா டம்ளருக்குள் விரலை விட்டார். வீட்டில் தண்ணீர் குடிக்கவும் அப்படித்தான் பழகியிருந்தார்.

"என்னண்ணே, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்றான் பெத்தணன். குரல் வாடிப் போயிருந்தது.

எடுத்த விரலை அவர் அதற்குப் பிறகு உள்ளே விடவில்லை. ஊற்றுகிறவனும் அவன்தான், எடுத்துக் கையில் கொடுக்கிறவனும் அவன்தான் என்று ஆகிவிட்டது.

போன பங்குனிப் பொங்கல் கழிந்த கையோடு டம்ளரில் சரக்கு மாறியது. வாடைக்கு ஒரு மூடி பிராந்தி, மீதியெல்லாம் கடையில் விற்கிற கலர் சோடாவும் தண்ணீரும். முதல் மிடறிலேயே நாகையாவுக்குத் தெரிந்துவிட்டது. அன்று இரண்டாவது மிடறைக் குடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. கேட்டுவிடலாம்தான். கேட்டால் நாலு பேர் முன்னால் பெத்தணனுக்கு அவமானம். மறுநாள் ஹாரன் சத்தம் கேட்காது. பாரில் அவருடைய நாற்காலியும் இல்லாமல் போகும்.

குழாய் உருட்டிக்கொண்டே பல நாள் இதையே நினைத்துப் பார்த்தார். நினைக்க நினைக்க மனசு ஒரு வழிக்கு வந்தது. என் பாதியையும் சேர்த்து அவன் குடிக்கிறான், சரி. கட்டிங் பங்காளி ஏமாற்றுவது புதுசா? என்னைப் பாவம் என்று நினைக்கிறவன் என்னிடம் திருடுவானா? கண் இருந்தபோது எப்படி ஏமாற்றினானோ அப்படித்தான் இப்போதும் ஏமாற்றுகிறான். கொஞ்சம் கூடுதலாக, அவ்வளவுதான்.

ஆகவே அவர் போதையேறியவராக நடித்தார். பாரில் குரலை உயர்த்தினார், நாக்கைத் தடிப்பாக்கினார். வீட்டிலும் நடிக்க வேண்டியிருந்தது. தெளிவாக வந்து நின்றால் மாரித்தாய் மோப்பம் பிடித்துவிடுவாள், பெத்தணனைத் திருட்டுப்பய என்பாள். அந்தப் பேச்சு அவன் காதுவரை போய்விடக்கூடாது. அதனால் நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டார், செருப்பை மாற்றி மாற்றித் தேடினார், சோறு வைத்த தட்டோடு பேசினார். மாரித்தாய் ஒன்றும் சொல்லாமல் பாயை விரித்துப் போடுவாள். தன் கெட்டிக்காரத்தனம் குறித்து நாகையாவுக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

ஆடி பிறந்து சீசன் வேலை சூடு பிடித்த சமயம், காரியாபட்டிப் பக்கமிருந்து மாரிக்கண்ணன் என்றொரு லோடு வேன் டிரைவர் கம்பெனிக்கு வந்து சேர்ந்தான். ஒரு சாயங்காலம் இவர்கள் மேசையில் வந்து உட்கார்ந்தான். பெத்தணன் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வெள்ளந்தியாகக் கேட்டான்.

"ஏண்ணே, அவருக்கு மட்டும் வெறுங்கலரா ஊத்துறீக? விரதமா?"

நாகையா இந்த நாளுக்காக ஒரு பதிலை எப்போதோ தயார் செய்து வைத்திருந்தார்.

"எனக்குத் தெரியும்லே தம்பி. எம் பாதியையும் சேத்து அவந்தான் இழுக்கான். இழுக்கட்டும். முட்டை அபராதம் ஏறிக்கிட்டே இருக்கு."

எல்லாரும் சிரித்து, பெத்தணனும் இரண்டு வசவு வாங்கிக்கொண்டு சிரித்திருந்தால் நாகையாவுக்கு அது நல்ல நாளாக இருந்திருக்கும். ஆனால் பெத்தணனுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

"நான் ஒண்ணும் திருடலண்ணே. மதினிதான் கையிலடிச்சுச் சத்தியம் வாங்குச்சு. நீங்க திங்கிற மாத்திரையோட இதுவும் சேந்தா ஈரல் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். உங்க பாதிய இங்கன கட்டிங்குக்கு ஆள் தேடுறவுகளுக்குத்தான் குடுத்திருதேன். ஒரு சொட்டு நான் தொட்டதில்ல."

நாகையா டம்ளரைப் பிடித்தபடி இருந்தார். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு பெத்தணன் மேலும் சொன்னான்.

"மதினிக்கு எம்புட்டு நிம்மதி தெரியுமா? கலர்த் தண்ணிக்கே என்னா ஆட்டம் ஆடுறாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்."

மேசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தோடு யாரும் சிரிக்கவில்லை. ஒரு சண்டை வராமல் போனதே என்ற சிரிப்பு. நாகையாவுக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. இத்தனை மாதமும் அவர் ஒரு திருடனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால் திருடனே இல்லை. நல்லவர்கள் இரண்டு பேர் சேர்ந்து, குழந்தைக்குக் கசப்பு மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுப்பதுபோல் அவருக்கு ஊற்றியிருக்கிறார்கள். திருடியிருந்தால் மன்னித்திருப்பார். இதை என்ன செய்வது என்றே அவருக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டில் நிலைப்படியை இடிக்காமல் நுழைந்தார். செருப்பை ஜோடியாக விட்டார். அவர் ஆடாமல் வந்ததிலேயே மாரித்தாய்க்கு விஷயம் புரிந்துபோனது. ஆஸ்பத்திரியில் அவருடைய புண்ணையெல்லாம் கழுவியவள் அவள். பயந்து பின்வாங்குகிற ஆளில்லை.

"உங்கள உசுரோட வச்சுக்கிடணும்னுதான் செஞ்சேன்" என்றாள்.

"டாக்டர் சொன்னப்ப நானும் அங்கனதான இருந்தேன்? எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"என்னைய வெளிய கூப்பிட்டுச் சொன்னாரு."

"நீயாவது எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னா நிறுத்தியிருப்பீகளா?"

நிறுத்தியிருக்க மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் அவரை உறுத்தியது.

மறுநாள் சாயங்காலம் ஹாரன் அடித்தது. நாகையா எழுந்திருக்கவில்லை. இரண்டு தரம் அடித்துவிட்டு வண்டி போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பினார். லாரி வரும்போதெல்லாம் சாலையோர மண்ணில் இறங்கி நின்று நின்று போய்ச் சேர்ந்தார். கரண்டிச் சத்தம், ஐஸ்பெட்டி, கந்தக வாடை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அண்ணே இங்கன வாங்க என்று பெத்தணன் பதறிக் கூப்பிட்டான். அவர் பக்கத்து மேசை நாற்காலியைத் தடவி இழுத்து உட்கார்ந்து, ஒரு குவார்ட்டரும் இரண்டு டம்ளரும் கொண்டுவரச் சொன்னார்.

மூடியை அவரே திருகினார். முதல் டம்ளருக்குள் விரலை விட்டு, அது நனைகிற அளவு பார்த்து ஊற்றினார். இரண்டாவதிலும் அப்படியே. தண்ணீர் கலந்து, இரண்டையும் மேசை நடுவில் தள்ளி வைத்தார்.

"ஊத்தியாச்சு. எடுக்குறவுக மொதல்ல எடுங்க."

யாரும் எடுக்கவில்லை. விரல் விட்டதை எவன் குடிப்பான் என்று எங்கோ ஒருவன் முணுமுணுத்தான். மாரிக்கண்ணன் இருந்த பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது. "இருலே" என்று பெத்தணன் தாழ்ந்த குரலில் அடக்கினான். நாற்காலி நின்றுவிட்டது. ஐஸ்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

வெகுநேரம் காத்திருந்துவிட்டு நாகையா தன் பக்கத்து டம்ளரை எடுத்துக் குடித்தார். எரிந்தது. இத்தனை மாதமாக நாக்கில் வைத்திருந்த ருசி இதுதானா என்று சந்தேகமாக இருந்தது. எழுந்தார். பெத்தணன் வண்டியை எடுக்க ஓடினான். அவர் ஏறவில்லை. மாதக்கணக்கில் பொய்யாக ஆடிப் பழகிய கால்களை, உண்மையாகவே ஆடியபோது நேராக நடத்திக்கொண்டு வரப் பெரும்பாடு பட்டார்.

மாரித்தாய் வாசலிலேயே நின்றிருந்தாள். வாடை அவளுக்கு முன்னமே தெரிந்துவிட்டது.

"யாரு ஊத்துனா?"

"நாந்தான்."

"அம்புட்டையுமா குடிச்சீக?"

"பாதிதான். மிச்சம் அங்கன மேசையில இருக்கு. எடுக்க ஆளில்ல."

மாரித்தாய் சிரிக்கவில்லை. உள்ளே போய்ச் சோறு போட்டு வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, எப்போதும்போல மாத்திரைக்காகக் கையை நீட்டினார். அட்டை நொறுங்குகிற சத்தம் கேட்டது. ஆனால் கையில் ஒன்றும் விழவில்லை. கொடுப்பதா வேண்டாமா என்று அவள் நின்றுகொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரிந்தது. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.