மலைமேல் ஒரு தற்செயல்

அம்மாவுக்கு ஊர் பார்க்கும் ஆசை ஒருநாளும் இருந்ததில்லை. மொன்றியலில் பியர்பொன்ட்ஸ் வீட்டுக்குக் குடிவந்த பிறகு அவர் போன இடங்கள் என்றால் கோயில், ரொறன்ரோவில் கலியாண வீடுகள், லண்டனில் ஒரு செத்த வீடு. நயாகராவுக்குக் கூட்டிப்போனபோது காருக்குள்ளேயே இருந்துகொண்டு, "தண்ணிதானே பிள்ளை, நீ போய்ப் பாத்திட்டு வா" என்றவர். அப்படிப்பட்டவர் போன வருடம் மாசி மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபோனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் நீட்டினார்.

ஸ்பெயினின் தெற்கே ஏதோ ஒரு மலைக்கிராமத்தின் வீடியோ. சுண்ணாம்பு அடித்த வெள்ளை வீடுகள் சரிவு முழுக்க நெருக்கியடித்து நின்றன. சுவர்களில் நீலப் பூச்சட்டிகள், உச்சியில் ஒரு இடிந்த கோட்டை.

"வடிவா இருக்கெல்லோ? நீயும் நானும் ஒருக்காப் போவமே?" என்று கேட்டார்.

அப்பா செத்துப்போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் விடிய வெளிக்கிட்டு பஸ், மெட்ரோ என்று மாறி டவுன்டவுனில் இருக்கும் அலுவலகத்துக்குப் போய், இருட்டிய பிறகு வந்து சேருவேன். "சாப்பிட்டியே?" "ஓம்." "நாளைக்கும் வேலையோ?" "ஓம்." எங்கள் பேச்சு பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். மிச்சம் இருப்பது கலியாணப் பேச்சு. எனக்கு வயது முப்பத்து நான்கு, அது அம்மாவுக்குத் தீராத தலையிடி. அந்தப் பேச்சு எதுவும் இல்லாமல் 'நீயும் நானும்' என்று அவர் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனேயே டிக்கெட் தேடத் தொடங்கினேன். அலுவலகத்தில் கண்டவர் நின்றவர் எல்லோருக்கும், நானும் அம்மாவும் ஸ்பெயின் போகிறோம் என்று சொல்லித் திரிந்தேன்.

எங்கள் ஆட்களிடம் 'தற்செயலாகக் காண்பது' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வந்து பெண் பார்த்து, அது சரிவராமல் போனால் நாலு பேர் நாலு விதமாகக் கதைப்பார்கள். ஆகவே கோயில் வீதியிலோ, யாருடையதோ பிறந்தநாள் மண்டபத்திலோ, ஷொப்பிங் மோலிலோ இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்ளும். பெரியவர்கள் எல்லாம் வாயில் கை வைத்து ஆச்சரியப்படுவார்கள். பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

எனக்கும் ரொறன்ரோக் கோயில் ஒன்றில் அப்படி நடந்தது. தேர் பார்க்கப் போன இடத்தில் ஒரு குடும்பம் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்று என்னைப் பார்த்தது. வீட்டுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்று, "இனி உனக்கு ஒளிச்சு மறைச்சு ஒண்டும் செய்யமாட்டன்" என்றார். நான் அதை முழுதாக நம்பினேன்.

வைகாசியில் போனோம். விமான நிலையத்தில் வாடகைக்குக் கார் எடுத்து நானே ஓட்டினேன். இரண்டு பக்கமும் ஒலிவ் தோட்டங்கள், நடுவில் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. ஒவ்வொரு வளைவுக்கும் அம்மா ஒரு முருகனைக் கூப்பிட்டார். முதல் கிராமத்தில் கார் போகமுடியாத ஒடுங்கிய தெருக்களில் நடந்தோம். மத்தியானம் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. தேவாலயப் படியில் இருந்து, கொண்டுபோன பருத்தித்துறை வடையைத் தின்றோம். ஏற்றத்தில் அம்மா என் கையைப் பிடித்தபடி நடந்தார். சின்ன வயதில்கூட நாங்கள் அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் சந்தோசமாக இருந்தேன், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் நான் பாறைக்கு அடியில் வீடுகள் கட்டியிருக்கும் ஒரு ஊருக்குப் போக நினைத்திருந்தேன். அம்மா சம்மதிக்கவில்லை. "இண்டைக்கு அந்தக் கோட்டை இருக்கிற ஊர்" என்று பிடிவாதமாக நின்றார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு பீச் நிறச் சேலையை எடுத்தார்.

"இதைக் கட்டு. படத்துக்கு வடிவா இருக்கும்."

"மலையில ஏறவோ அம்மா?"

"என்ர ஆசைக்குக் கட்டன்."

ஆசை என்றால் நான் என்ன செய்வேன்? கட்டினேன். கற்கள் பதித்த படிகள் வழுக்கும் என்பதால் சேலைக்குக் கீழே ஓடுகிற சப்பாத்தைப் போட்டேன். வந்த வெள்ளைக்காரர்கள் கோட்டையை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள். பியர்பொன்ட்ஸ் வீட்டு மாடிப்படிக்கே மூச்சு வாங்கும் அம்மா, அன்று முழங்கால் என்ற சொல்லே எடுக்காமல் முன்னால் ஏறினார். இடைக்கிடை ஃபோனையும் பார்த்தார். சாப்பாட்டு நேரம் பார்க்கிறார் என்று நினைத்தேன். என்னைப்போல ஒரு மட்டியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உச்சியில் தகப்பன், தாய், மகன் என்று ஒரு குடும்பம் நின்றது. அந்த வெய்யிலிலும் மகன் அயர்ன் பண்ணிய நீளக்கைச் சட்டையோடு நின்றார்.

"அட, தமிழ் ஆக்களோ? எங்கையிருந்து வாறியள்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

"மொன்றியல்" என்றார் அம்மா.

"நாங்கள் லண்டன். பாருங்கோவன், எங்கை வந்து காணுறம் எண்டு."

எனக்கும் அது பெரிய புதினமாகத்தான் இருந்தது. ஸ்பெயின் மலை ஒன்றின் உச்சியில் யாழ்ப்பாணத் தமிழ் கேட்ட சந்தோசத்தில், "வாங்கோ, ஒண்டாச் சாப்பிடுவம்" என்று அவர்களைக் கூப்பிட்டதே நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் அதுதான் எனக்கு ஆத்திரம் வரும் இடம்.

சதுக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வெளியே, தோடை மரத்தின் கீழ் மேசை போட்டார்கள். பரிமாறுகிறவர் வந்து, இன்றைக்குக் கடலுணவுச் சோறு நன்றாக இருக்கும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். லண்டன் அன்ரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்ப எல்லாருக்கும் அதையே சொல்லுவம். பிள்ளைக்கு மட்டும் வேற சொல்லுங்கோ, அவவுக்கு இறால் ஒத்துவராதெல்லோ."

இறால் சாப்பிட்டால் எனக்கு முகம் வீங்கிவிடும், உண்மைதான். ஆனால் அந்த அன்ரியை நான் கண்டு அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அன்ரி நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா தண்ணீர்க் கிளாஸைத் தூக்கி, குடிக்காமலே திரும்ப வைத்தார். நான் குனிந்து என் சேலையைப் பார்த்தேன். சேலை, முழங்கால், ஃபோன் எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கின. கடையில் அடுக்கிவைத்த மரக்கறியைப்போல அந்த மலையில் என்னைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

எழுந்து போய் மதிலோரம் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த மகன் வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"சொறி. எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதெண்டுதான் எனக்குத் தெரியாது. இந்த ஊரை நீங்கள்தான் தெரிஞ்செடுத்தனீங்கள் எண்டு சொன்னவை."

"உங்களில கோவம் இல்லை" என்றேன். அது உண்மை. கோபம் எல்லாம் மேசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஒருவர் மேல்தான்.

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தினேன்.

"சாமிப் படத்துக்கு முன்னால என்ன சொன்னனீங்கள்?"

"சொன்னா நீ வந்திருப்பியே?"

"வந்திருக்கமாட்டன்தான். நான் உங்களோட எண்டுதானே வந்தனான்."

அம்மா கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். "உன்ர நன்மைக்குத்தானே பிள்ளை எல்லாம்" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்டிருக்கவே கூடாது. கேட்டேன்.

"அந்த வீடியோவைக் காட்டினனீங்கள். உங்களுக்கு உண்மையா இந்த ஊர் பாக்க ஆசை இருந்ததோ?"

"அது லண்டனில இருந்து அவ அனுப்பினது" என்றார், ஒரு ஒளிப்பும் இல்லாமல். "எனக்கென்னத்துக்குப் பிள்ளை மலையும் கோட்டையும்? முழங்கால் விண்விண்ணெண்டு இடிக்குது."

பொய் சொல்லியிருக்கலாம். ஓம், ஆசைதான் என்று அந்த ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால், மற்றதையெல்லாம் நான் அன்றைக்கே மன்னித்திருப்பேன்.

மிச்ச நாட்கள் அம்மா ஹோட்டல் அறையை விட்டு இறங்கவில்லை. வந்த அலுவல் முடிந்துவிட்டது அவருக்கு. நான் தனியாகப் பாறைக்கு அடியில் வீடுகள் இருக்கும் ஊருக்குப் போனேன். நல்ல ஊர்தான். ஆனால் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே வெள்ளைச் சுவராகத்தான் தெரிந்தது. வந்து கதவைத் திறந்தபோது அம்மா, "சாப்பிட்டியே?" என்று கேட்டார். "ஓம்" என்றேன்.

லண்டனில் இருந்து பதில் வரவில்லை. அம்மாவும் நானும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை. ஆவணியில் ஒரு நாள், கோயிலில் அம்மாவோடு பழக்கமான ஒரு அன்ரி பக்கத்து ஊர் கர்க்லாண்டில் இருந்து வீட்டுக்கு வந்தார். நான் குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"மகளோட ஸ்பெயினுக்கெல்லாம் போய் வந்தனீங்களாம். குடுத்துவைச்சனீங்கள்" என்றார் அவர்.

"எனக்கென்ன ஆசை" என்றார் அம்மா. "பிள்ளைதான் ஆசைப்பட்டது, பாவம். அதுக்காகத்தான் போயிட்டு வந்தனான்."

நடந்ததை மூடி மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்க வேண்டும்போல இருந்தது. தேத்தண்ணியைக் கொண்டுபோய் அவர்களுக்கு முன்னால் வைத்தேன். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அம்மா சொன்னது சரி. ஆசைப்பட்டது நான் மட்டும்தான்.