ஹாரன் அடிக்காத வண்டி

நல்ல தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று போன மாதம் எங்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைத்தார்கள். ஏசி ஹால், ஆளுக்கொரு நோட்டு, பேனா. மத்தியானம், எங்கள் கம்பெனியில் பெரிய பதவிக்குப் போய்விட்ட ஒருவர் வேறு ஊரிலிருந்து வீடியோவில் பேசினார். "என் ஆளுங்களுக்கு ஒண்ணுன்னா முன்னாடி நிக்கிறது நானாத்தான் இருப்பேன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நோட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவரிடம் மூன்று வருஷம் வேலை பார்த்தவள் நான்.

திருவொற்றியூருக்கு வடக்கே, கப்பலுக்குப் போகிற கன்டெய்னர்களை அடுக்கி வைக்கும் யார்டு எங்களுடையது. அங்கே யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டிதான். எந்தப் பெட்டி எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்து வாக்கிடாக்கியில் சொல்வது என் வேலை. வண்டிகளின் பழுதை எழுதும் பதிவேடும் என் மேஜையில்தான் இருந்தது.

வீடியோவில் பேசியவர் அப்போது எங்கள் மேனேஜர். காலை எட்டு மணிக்கு எல்லோரையும் நிற்க வைத்து அரைமணி நேரம் பேசுவார். நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்பார். கேட்டதை மட்டும் எங்கேயும் எழுத மாட்டார். முக்கியமான எதையும் அவர் மெயிலில் போட்டு நான் பார்த்ததில்லை. "போன்ல சொல்லுங்க போதும்" என்பார். அதை எளிமை என்று நினைத்து நான் மெச்சியிருக்கிறேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தக் கூட்டத்துக்கு வராத ஆள் ஒருவர் உண்டு. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். ராயபுரத்துக்காரர், அப்பா, சித்தப்பா எல்லாம் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்கள். கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர் ஒவ்வொரு வண்டியாகச் சுற்றி வருவார். டயரைத் தட்டுவார், விளக்கைப் போடச் சொல்வார், டிரைவர் முகத்தைப் பார்த்து, தூங்கினாயா என்று கேட்பார். தூங்கவில்லை என்று ஒரு டிரைவர் உண்மையைச் சொன்னால் திட்டாமல் கீழே வேறு வேலை கொடுப்பார். அதனாலேயே அவரிடம் யாரும் பொய் சொன்னதில்லை. பேச்சு முரடு. அலுவலகத்தில் அவர் பாஷையைப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள், பெட்டி தூக்கும் பெரிய வண்டி ஒன்றுக்கு ரிவர்ஸ் ஹாரன் அடிக்கவில்லை. அந்த வண்டி பின்னால் வரும்போது டிரைவருக்குக் கீழே நிற்கும் ஆள் தெரியாது. ஹாரன் சத்தம் கேட்டு ஆள்தான் விலக வேண்டும். சூப்பர்வைசர் வண்டியை நிறுத்தி, சாவியைக் கழற்றி என் மேஜைக்குப் பின்னால் இருந்த சாவிப் பலகையில் மாட்டினார். "புக்ல எழுதிடும்மா. ஹாரன் ரெடியாவாம இத்த யாரும் எடுக்கக் கூடாது" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். மேனேஜர் தன் அறையிலிருந்து வந்தார். அடுத்த வாரம் ஆடிட் இருக்கிறது, புத்தகத்தில் ஏறினால் கேள்வி வரும், மெக்கானிக்குக்குச் சொல்லியாகிவிட்டது, எழுத வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். நான் பேனாவை மூடினேன். இதைச் சொல்லாமல் அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது.

இரண்டு நாள் கழித்து சூப்பர்வைசருக்கு வார லீவு. கப்பலுக்குப் பெட்டி போய்ச் சேரவேண்டிய கெடு அன்றைக்கு மூன்று மணி. லாரிகள் எண்ணூர் சாலை வரை நின்றன. பதினோரு மணிக்கு மேனேஜர் வந்து, அந்தச் சாவியைப் பலகையிலிருந்து எடுத்து டிரைவர் கையில் கொடுத்தார். ஹாரன் இல்லையே சார் என்று டிரைவர் சொன்னதை நான் கேட்டேன். பார்த்து ஓட்டு என்றார் அவர்.

பெட்டிக் கதவின் சீல் நம்பரைச் சரிபார்க்கும் ஒருவர் எங்களிடம் இருந்தார். தண்டையார்பேட்டைக்காரர், நாற்பது வயதைத் தாண்டியவர். நாள் முழுக்க வாக்கிடாக்கியில் நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு ஒரு நம்பரைப் பாதி சொன்னவர் நிறுத்தினார். அப்புறம் வாக்கிடாக்கியில் வேறு யாரோ கத்தினார்கள். நான் ஓடிப் போனபோது வண்டியின் பின்சக்கரம் அவருடைய வலது பாதத்தை விட்டு இறங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. நம்பர் எழுதிய அட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதத்தை எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அடிபட்டவர் செல்போனில் பேசிக்கொண்டே நடந்தார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று அதில் இருந்தது. யார்டே மூடிவிடும், இத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்னை மிரட்டக்கூட இல்லை.

ஒரு வாரத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். எங்களை ஒரே அறையில் உட்கார வைத்தார்கள். மேனேஜர்தான் முதலில் பேசினார். ஹாரன் பழுது தன் கவனத்துக்கே வரவில்லை, பதிவேட்டிலும் எதுவும் இல்லை, வேண்டுமானால் பாருங்கள் என்றார். அந்தப் பக்கத்தை அவரே திருப்பிக் காட்டினார். எந்த வெற்றிடத்தை என்னை வைத்து உண்டாக்கினாரோ, அதையே சாட்சியாக நீட்டினார்.

பிறகு சூப்பர்வைசரைக் கேட்டார்கள். லீவில் இருந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவர் போயிருக்கலாம். சொல்லவில்லை.

"எனுக்குத் தெரியும் சார், ஹாரன் போயிக்கீதுன்னு. சாவிய பலகைல மாட்டிட்டு வூட்டுக்குப் போனது நானு. பூட்டி வச்சிருக்கணும், இல்ல கையோட எடுத்துனு போயிருக்கணும். அத்த எம்மேல எழுதிக்கோங்க. வண்டிய எடுக்கச் சொன்னது யாரு, அத்த அவங்க வாயால சொல்லட்டும்."

என் பெயரை அவர் எடுக்கவில்லை. புத்தகத்தில் எழுதச் சொன்னதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

நான் எழுந்து, நான் கையெழுத்துப் போட்ட தாளில் இருப்பது பொய் என்றேன். சாவியை யார் எடுத்தார், டிரைவர் என்ன சொன்னார், பதிவேட்டில் ஏன் எழுதவில்லை எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் வருத்தமான முகத்துடன் என்னைப் பார்த்து, "நீ ரொம்ப அதிர்ச்சில இருக்கம்மா" என்றார். அந்தக் குரலில் இருந்த கனிவுக்கு இன்றைக்கும் என்னிடம் மன்னிப்பு இல்லை.

முடிவு எப்படி வந்தது என்றால், சூப்பர்வைசருக்கு ஒரு மாதம் சஸ்பெண்ட், பிறகு காட்டுப்பள்ளி யார்டுக்கு மாற்றல். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். மேனேஜர் வேறு ஊருக்குப் பெரிய பதவியில் போனார். சால்வை போட்டார்கள். அடிபட்டவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அவருக்கு உட்கார்ந்து பார்க்கிற வேலை தரும்வரை உள்ளே போக மாட்டோம் என்று டிரைவர்களும் பெட்டி ஆட்களும் இரண்டு நாள் கேட்டில் நின்றார்கள். நானும் நின்றேன். கொடுத்தார்கள். கேட்டில், வருகிற வண்டிகளின் நம்பரைக் குறிக்கும் வேலை.

சூப்பர்வைசரைப் பின்னொரு நாள் எண்ணூர் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா. அன்னைக்கு நீ எழுந்து சொன்ன இல்ல" என்றார். உடனே காட்டுப்பள்ளியில் ஒரு வண்டியின் பிரேக் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இப்போது அந்த ஷிப்டை நான்தான் பார்க்கிறேன். பழுதான வண்டியின் சாவி என் பையில் இருக்கும், பழுது என் கையெழுத்தில் புத்தகத்தில் இருக்கும். ஆட்கள் என்னைக் கறார் என்கிறார்கள். சொல்லட்டும்.

வகுப்பிலிருந்து பாதியில் வந்த மறுநாள், கேட்டில் நம்பர் குறித்துக்கொண்டிருந்த, பாதம் போனவரிடம் அந்த வீடியோவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கும் கோபம் வரும் என்று நினைத்தேன். கேட்டுவிட்டு, "அவன வுடுங்க. அவன் அப்படித்தான்னு எனுக்கு மொதல்லயே தெரியும். நான் போன்ல பேசுனேன்னு நீங்க கையெழுத்து போட்டீங்க பாருங்க, அதான் மேடம் எனுக்கு ஆறல" என்றார்.

பின்னால் லாரி ஒன்று வந்து நின்றது. அவர் அட்டையை எடுத்து அதன் நம்பரை எழுத ஆரம்பித்தார்.